எட்டு நிமிடக் கணக்கு: குடியாத்தத்தில் ஒரு கை நெபுலைசரின் மூன்று வருடம்

உள்ளங்கையில் அடங்கும் மெஷ் நெபுலைசர் இது, திரவ மருந்தைப் பொடித்துளியாக்கி மூச்சில் இழுக்கத் தரும் கருவி. மேலே மருந்து ஊற்றும் கிண்ணம், கிண்ணத்தின் முகப்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மெல்லிய உலோகத் தகடு, கீழே லித்தியம் பேட்டரியும் சர்க்யூட்டும் உள்ள உடல். சார்ஜ் போட மைக்ரோ யூஎஸ்பி துளை. வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பயன்படுத்துபவர் அறுபதைத் தாண்டிய பெண். முப்பது வருடத்துக்கு மேல் வீட்டுத் திண்ணையிலேயே பீடி சுற்றியவர், ஆஸ்துமாக்காரர். பம்பை, அதாவது இன்ஹேலரை, அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் கைகூடாததால் மருத்துவர் நெபுலைசர் எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் லீவோசால்புடமால் 2.5 மி.லி., சற்று இடைவெளி விட்டு அதன் வீக்கத்தைக் குறைக்கும் புடசோனைட் 2 மி.லி. கழுவுவது, சார்ஜ் போடுவது, மருந்து ஊற்றுவது எல்லாம் மருமகள் பொறுப்பு.

கருவி பழுதுபார்க்க வந்தபோது மருமகள் சொன்ன புகார் இது: "புகையே வர்ல. அரை மணி நேரம் ஆனாலும் மருந்து தீர மாட்டேங்குது. அத்தை பாதியிலேயே மாஸ்க்க கழட்டி வச்சிட்றாங்க."

எவ்வளவு நேரம் ஆகிறது என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் மாலை வேளை மருந்து தினமும் ஒரே டிவி சீரியல் தொடங்கும்போதுதான் போடப்பட்டது. வாங்கிய புதிதில் முதல் விளம்பரம் வருவதற்குள் லீவோசால்புடமால் தீர்ந்துவிடும், அதாவது ஏறக்குறைய எட்டு நிமிடம். ஒன்றரை வருடத்தில் அது இரண்டாவது விளம்பரத்துக்குத் தள்ளிப்போனது. பிறகு ஒரு நாள் திடீரென்று நான்கு நிமிடமாகக் குறைந்தது. மிஷின் சரியாகிவிட்டது என்று வீடே சந்தோஷப்பட்டது. அதற்கடுத்த சில மாதங்களில் சீரியல் முடிந்த பிறகும் கிண்ணத்தில் மருந்து நிற்க ஆரம்பித்தது. இந்த நான்கு நிமிடக் கட்டம்தான் இந்தக் கேஸின் மையம். அதற்கு வருவதற்கு முன், கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

அந்த உலோகத் தகடுதான் மெஷ். அதில் ஆயிரம் துளைகளுக்குக் குறையாது. ஒவ்வொன்றும் சில மைக்ரான் அகலம்தான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பியசோ எனப்படும் பீங்கான் வளையம் நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து, மருந்தை அந்தத் துளைகள் வழியாகத் துளித் துளியாகத் தள்ளுகிறது. வருவது புகையும் அல்ல, ஆவியும் அல்ல, சூடு கிடையாது. வெறும் பொடித்துளி. 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்கும் துளிதான் நுரையீரலின் சிறு குழாய்கள் வரை போகும். அதைவிடப் பெரியது தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும். ஆகவே மெஷ்ஷின் துளை அளவு மாறினால் மருந்து போய்ச்சேரும் இடமே மாறுகிறது. துளை அடைத்தால் நேரம் கூடும். துளை பெரிதானால் நேரம் குறையும். இரண்டுமே பழுதுதான். ஆனால் இரண்டாவதை யாரும் பழுதாக நினைப்பதில்லை.

முதல் நாள் பார்த்தது

முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை, ஏனென்றால் அதைச் சோதிப்பது சுலபம். பேட்டரியில் ஒரு முறை, 5 வோல்ட் அடாப்டரில் செருகியபடி ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த மாடல் சார்ஜ் ஏறும்போதே ஓடும்; ஓடாத மாடல்களும் உண்டு. இரண்டு முறையும் மூடுபனி ஒரே அளவுதான் வந்தது. அப்படியென்றால் மெதுவாக வருவதற்குப் பேட்டரி காரணம் இல்லை. ஆனால் முழு சார்ஜில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. அது தனிப் பழுது, பிறகு பார்ப்போம்.

அடுத்தது அளவு. வெள்ளி நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 0.01 கிராம் துல்லியமுள்ள சின்ன டிஜிட்டல் தராசு போதும். கிண்ணத்தில் 3 மி.லி. நார்மல் சலைன், அதாவது 0.9 சதவீத உப்புக் கரைசல் ஊற்றி, மிஷினோடு சேர்த்து எடை போட்டு, சரியாக இரண்டு நிமிடம் ஓட்டி, மறுபடி எடை போட வேண்டும். குறைந்த கிராமைப் பாதியாக்கினால் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. என்று கிடைக்கும். இந்த வகைக் கருவிகளில் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்வது நிமிடத்துக்கு 0.25 மி.லி. அல்லது அதற்கு மேல். இங்கே இரண்டு நிமிடத்தில் குறைந்தது 0.19 கிராம், நிமிடத்துக்கு 0.1 கூட இல்லை. 2.5 மி.லி. மருந்து தீர இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கும் சொல்கிறது, சீரியலும் சொல்கிறது.

இந்தச் சோதனைக்கு ஆர்.ஓ. தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ வேண்டாம். பல மாடல்களில் கிண்ணத்துக்குள் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். திரவம் மின்சாரத்தைக் கடத்துகிறதா என்று பார்த்துத்தான் கிண்ணத்தில் மருந்து இருப்பதை மிஷின் கண்டுகொள்கிறது. உப்பே இல்லாத தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மிஷின் காலிக் கிண்ணம் என்று நினைத்து நின்றுவிடும். நல்ல மிஷினைக் கெட்டுப்போனதாக நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களில் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். அந்தப் புள்ளிகளில் மருந்துப் படலம் படிந்தாலும் இதேதான் நடக்கும்.

கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தங்க ஆசாரி வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் பழுதுபார்ப்பவர்கள் பார்த்தார்கள். துளை தெரியாது; அந்த லென்ஸுக்கு எட்டும் அளவு இல்லை அது. ஆனால் மற்றதெல்லாம் தெரிந்தது. தகட்டின் உள்பக்கம் ஓரம் முழுக்கச் சுண்ணாம்பு வளையம், வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதைப் போல. நடுவில் வேறு மாதிரி, பால் காய்ந்தது போன்ற வெள்ளைப் படலம். அதன் குறுக்கே பளபளவென்று இரண்டு கீறல். ஒரு கீறலின் முனையில் தகடு கிழிந்து உதடுபோல் லேசாக மேலே எழுந்திருந்தது.

ஊக்கால் கீறியது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆக ஆரம்பித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனை அது. அதற்குப் பிறகுதான் நான்கு நிமிடம்.

நான்கு நிமிடம் ஏன் ஏமாற்றியது

கிழிந்த இடம் வழியாக மருந்து பொடித்துளியாக வராமல் தெறித்து வெளியேறியது. நிமிடத்துக்கு 0.6 மி.லி. அளவு, எடைக் கணக்கில் புது மிஷினைவிட வேகம். ஆனால் அந்தத் துளிகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் அளவில் இல்லை. அந்த நாட்களில் மாஸ்க்கின் உள்பக்கம் நனைந்து வடிந்தது, நாக்கில் கசப்பு கூடியது, இளைப்பு மட்டும் குறையவில்லை. மூன்று அறிகுறியும் கண்முன் இருந்தன. நேரம் குறைந்த சந்தோஷத்தில் யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. மருத்துவரிடம் போனபோதும் "மருந்து வேலை செய்யல" என்றுதான் சொன்னார்கள். மிஷினைப் பற்றிச் சொல்லவில்லை, கையில் எடுத்துப் போகவும் இல்லை. கருவியின் பழுது நோயின் கணக்கில் எழுதப்படுவது இப்படித்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடித் துண்டு போதும். செல்போன் திரைக்கு ஒட்டும் டெம்பர்டு கிளாஸ்கூடப் போதும். மெஷ்ஷிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு நொடி மட்டும் மூடுபனி பட விட வேண்டும். நல்ல மெஷ் என்றால் கண்ணாடி சீராக மங்கி, சில நொடியில் காய்ந்துவிடும். கிழிந்த மெஷ் என்றால் மங்கலின் நடுவே தனித்தனியாகப் பொட்டுகள் தெரியும், எப்போதும் ஒரே பக்கத்தில். இந்தக் கருவியில் நான்கு பொட்டுகள், எல்லாம் கீறல் இருந்த பக்கம்.

மெஷ்ஷைத் தொடவே கூடாது. ஊக்கு மட்டுமல்ல, பட்ஸ், பல்துலக்கும் பிரஷ், விரல் எதுவுமே ஆகாது. தகட்டின் தடிமன் காகிதத்தைவிடக் குறைவு.

சுண்ணாம்பும் உப்பும்

வளையமாகப் படிந்தது தண்ணீரிலிருந்து வந்தது. இந்த வீட்டில் சமையலுக்குக் கேன் தண்ணீர், கழுவுவதற்குப் போர் தண்ணீர். வட ஆற்காட்டுப் பக்கம் போர் தண்ணீரின் குணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளை பூக்கும். ஆர்.ஓ. சர்வீஸ்காரர் வைத்திருக்கும் பேனா மீட்டரில் இந்த வீட்டுத் தண்ணீர் 1200 காட்டியது, அதாவது லிட்டருக்கு 1200 மில்லிகிராம் கரைந்த உப்புகள். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் 500 வரை ஏற்கலாம் என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை.

கழுவி உதறியபின் மெஷ்ஷைச் சுற்றி 0.1 மி.லி. தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு இரண்டு கழுவலில் 0.24 மில்லிகிராம் படிவு. வருடத்துக்கு 88 மில்லிகிராம். சில மைக்ரான் துளைகளுக்கு அது மலை.

நார்மல் சலைனில் ஒரு மி.லி.க்கு 9 மில்லிகிராம் உப்பு உண்டு. அப்படிப் பார்த்தால் மிச்ச மருந்து காய்ந்து விட்டுச்செல்லும் உப்பு, தண்ணீர் விட்டுச்செல்வதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் சாப்பாட்டு உப்பு அடுத்த முறை நனைந்தவுடன் கரைந்து போய்விடும். சுண்ணாம்பு கரையாது, மேலே மேலே ஏறும். அதனால்தான் கருவியைக் கொல்வது குறைவான அந்தப் படிவு.

நடுவில் இருந்த பால் படலம் புடசோனைட். லீவோசால்புடமால் தெளிந்த கரைசல். புடசோனைட் அப்படியல்ல, தண்ணீரில் கரையாத மருந்துத் தூள் மிதக்கும் கலங்கல் அது. குலுக்கி ஊற்றச் சொல்வது அதனால்தான். தீர்ந்தவுடன் கழுவாமல் விட்டால் தூள் மெஷ்ஷில் ஒட்டிக் காயும். வினிகர் சுண்ணாம்பைக் கரைக்கும், இதைக் கரைக்காது. புடசோனைட்டை எல்லா வகை நெபுலைசரிலும் போடவும் கூடாது. தண்ணீர் அதிர்வில் ஓடும் பழைய அல்ட்ராசானிக் வகைக்கு அது ஆகாது. மெஷ் வகையிலும் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் வெளியே வந்தது. சளி பிடித்த ஒரு வாரம் ஓமவல்லிச் சாறு நாலு சொட்டும் ஒரு நாள் நீலகிரித் தைலமும் கிண்ணத்தில் விட்டிருக்கிறார்கள். வெந்நீர்ச் சட்டியில் போட்டுப் போர்வைக்குள் வேது பிடிப்பது வேறு, இது வேறு. இலைச்சாற்றின் நார் மெஷ்ஷை அடைக்கும். தைலத்தின் எண்ணெய் பொடித்துளியாக நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியாவைக் கொண்டுவரும். மருத்துவர் எழுதிய நெபுலைசர் மருந்தையும் சலைனையும் தவிர அந்தக் கிண்ணத்துக்குள் எதுவும் போகக் கூடாது.

செய்தது

கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் 4 சதவீத அசிட்டிக் அமிலம். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, 6 மி.லி. கிண்ணத்தில் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, வாய்ப்பகுதி யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் மூன்று நிமிடம் ஓட்டினார்கள். நிறுத்திப் பத்து நிமிடம் ஊற விட்டு, கொட்டிவிட்டு, சலைன் ஊற்றி இரண்டு முறை ஓட்டிக் கழுவினார்கள். வினிகர் வாடை போகும்வரை நோயாளியிடம் கொடுக்கக் கூடாது. அந்த நெடியே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்.

முதல் சுற்றுக்குப் பிறகு இரண்டு நிமிட எடைக் குறைவு 0.34 கிராம். இரண்டாவது சுற்றில் 0.46. மூன்றாவதில் 0.47, அதற்கு மேல் நகரவில்லை. எண்ணை மட்டும் பார்த்தால் தேவலை என்று விட்டுவிடலாம். ஆனால் கண்ணாடியில் பொட்டுகள் அப்படியே இருந்தன. சுண்ணாம்பு போனதும் கிழிசல் இன்னும் தெளிவாகப் பொட்டு வைத்தது. கிழிந்த மெஷ்ஷுக்கு வைத்தியம் கிடையாது. மாற்றத்தான் வேண்டும்.

மெஷ் கிண்ணம் தனியாக விற்கிறார்கள். விலை மிஷினின் விலையில் கணிசமான பங்கு. வாங்கும்போதே மாற்று மெஷ் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்கிய கருவி, மெஷ் போன அன்றே குப்பை. 2018இல் நெபுலைசரையும் மருந்துச் சட்டத்தின் கீழ் வரும் கருவியாக அறிவித்தார்கள். ஆகவே பெட்டியில் உரிம எண் அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாத மலிவுச் சரக்கில் மாற்று மெஷ் தேடுவது வீண் அலைச்சல். புது மெஷ் மாட்டியதும் இரண்டு நிமிடத்தில் 0.66 கிராம். கண்ணாடி சீராக மங்கியது. லீவோசால்புடமால் ஏழரை நிமிடத்தில் தீர்ந்தது. பழைய மெஷ்ஷைக் கத்திரியால் இரண்டாக வெட்டிப் போடச் சொன்னார்கள். வீட்டில் கிடந்தால் என்றாவது ஒரு நாள் "இது நல்லாத்தானே இருக்கு" என்று யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

கிண்ணத்தின் அடியில் உள்ள சிலிக்கான் வளையம் தளர்ந்து, மருந்து உடலுக்குள் கசிந்து பித்தளைத் தொடர்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்தார்கள். பட்ஸுக்கு இந்தக் கருவியில் இந்த ஓர் இடத்தில்தான் அனுமதி. வளையம் புதிய கிண்ணத்தோடு வந்தது.

பேட்டரி

மிஷின் இருந்த இடம் தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் மாடம். கத்திரி வெயிலில் அந்த மாடம் கை வைக்க முடியாத சூடு. கரண்ட் போய்விடும் என்ற பயத்தில் ராத்திரி பகல் சார்ஜிலேயே கிடந்தது. லித்தியம் பேட்டரிக்கு இதைவிட மோசமான கூட்டு இல்லை: முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஓடாமலே கிழடாகிவிடும். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றவே கூடாது. நல்ல நடத்தையிலேயே முந்நூறு, ஐந்நூறு சார்ஜுக்குப் பிறகு கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு வருவது இயல்பு. இது அதையும் தாண்டி வெகு தூரம் இறங்கியிருந்தது. செல் வீங்கவில்லை; வீங்கியிருந்தால் பேச்சே இல்லாமல் கருவியை ஒதுக்கியிருக்க வேண்டும்.

செல்போன் சர்வீஸ் கடையில் உடலைப் பிரித்து செல் மாற்றித் தருவார்கள். ஆனால் பிரித்த உடலில் தண்ணீர்க் காப்பு போய்விடும், மருந்து கசியும் கருவிக்கு அது ஆகாது. இங்கே செல்லை மாற்றவில்லை. வீட்டில் அடாப்டரிலும், வேலூர் மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் பவர் பேங்கிலும் ஓட்டுவது என்று முடிவானது. மிஷின் இழுக்கும் மின்சாரம் குறைவென்பதால் சில பவர் பேங்குகள் செல்போன் கழற்றப்பட்டதாக நினைத்துப் பாதியில் நின்றுவிடும். வாங்கும் முன் கடையிலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து வாங்கினார்கள். பயன்படுத்தாத நேரத்தில் பாதி சார்ஜோடு, மாடத்தை விட்டு, கீழே அலமாரிக்குள்.

கரண்ட்டும் இல்லை, மிஷினும் ஓடவில்லை, இளைப்பும் கூடுகிறது என்றால் என்ன செய்வது? அதற்குச் சாதாரணப் பம்போடு, அதன் வாயில் மாட்டும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். ஸ்பேசர் இருந்தால் அழுத்துவதையும் இழுப்பதையும் ஒன்றாகச் செய்ய வேண்டியதில்லை. சாதாரண மூச்சிலேயே இழுக்கலாம். ஆஸ்துமா இளைப்புக்கு அது நெபுலைசருக்குக் குறைந்ததும் அல்ல. அதற்கும் இறங்காவிட்டால் மிஷினை நோண்டிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

இப்போதைய நடைமுறை

புடசோனைட் தீர்ந்தவுடன் கிண்ணத்தில் 2 மி.லி. சலைன் ஊற்றி ஒரு நிமிடம் ஓட்டுவது. பிறகு கிண்ணத்தையும் மாஸ்க்கையும் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான கேன் தண்ணீரில் அலசுவது. கடைசி அலசல் காய்ச்சி ஆறிய கேன் தண்ணீரில். உதறி, சுத்தமான துணிமேல் கவிழ்த்து, மூடாமல் காயவைப்பது. ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் கிருமி வளரும். நுரையீரல் நோயாளிக்கு அது மருந்தோடு சேர்ந்து உள்ளே போகும். போர் தண்ணீர் இந்தக் கருவியின் பக்கமே வரக் கூடாது.

வினிகர் கிருமியைக் கொல்லும் என்று நம்பக் கூடாது. அது சுண்ணாம்புக்கு மட்டும். மாஸ்க்கையும் மெஷ் இல்லாத பாகங்களையும் கையேடு அனுமதித்தால் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கலாம். மெஷ் கிண்ணத்தைக் கொதிக்க வைப்பது மாடலுக்கு மாடல் மாறும். இந்த மாடலில் கூடாது. அதற்குத் தயாரிப்பாளர் சொன்ன 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஐந்து நிமிடம் ஊறவைத்துக் காய்ச்சிய தண்ணீரில் அலசுகிறார்கள்.

நாளுக்கு நான்கு தடவை, வருடம் முழுக்க ஓடும் வீட்டுக்கு மெஷ் கருவி மட்டும் போதாது என்பதே இதைப் பார்த்தவர்களின் கருத்து. வீட்டில் காற்றழுத்தத்தில் ஓடும், சத்தம் போடும் கம்ப்ரசர் நெபுலைசர் ஒன்று இருந்து, மெஷ் பயணத்துக்கும் கரண்ட் இல்லாத வேளைக்கும் என்று பிரித்துக்கொண்டால் மெஷ்ஷின் ஆயுள் நீளும். கம்ப்ரசரின் கிண்ணத்தில் மருந்து அதிகம் மிஞ்சும், காற்று வடிகட்டியை மாற்ற வேண்டும். ஆனால் அதன் துவாரத்தைச் சுண்ணாம்பு இவ்வளவு சுலபமாக அடைப்பதில்லை. இந்த வீட்டில் இரண்டாவது கருவி இன்னும் வாங்கவில்லை.

சமையலறைக் காலண்டரில் மருமகள் ஞாயிறுதோறும் ஓர் எண் எழுதுகிறார்: லீவோசால்புடமால் தீர எத்தனை நிமிடம். 10ஐத் தாண்டினால் வினிகர் சுற்று. 6க்குக் கீழே போனால் கண்ணாடிச் சோதனை. முதல் மூன்று மாதத்தில் எட்டு, எட்டு, எட்டு, ஏழு என்றே போய், பதினோராவது ஞாயிறு 11 வந்தது. அந்த வாரம் கேன் தண்ணீர்க்காரர் வரவில்லை. இரண்டு நாள் போர் தண்ணீரில் கழுவியிருந்தார்கள். அன்றே வினிகர் ஓட்டினார்கள். அடுத்த கட்டத்தில் 8 என்று எழுதியிருக்கிறது.